இந்த வாரம் யார் முறை

— அவன் வாரதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் ஒரே பேச்சுல நிக்கணும் செல்வி. சொரிமுத்து முன்னால வச்சு நீ ஒண்ணு நான் ஒண்ணு பேசப்படாது, பாத்துக்கோ.

— மொதல்ல ஷட்டரப் பாதி எறக்குங்க காசிலிங்கண்ணாச்சி. கருப்பட்டி கேட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்துக்கிட்டே இருக்காவ. எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரந்தான் உண்டு. துறைமுகத்து ஆபீஸ்ல கன்டெய்னர் பேப்பர் பூரா மேசையில கெடக்கு.

— எறக்கியாச்சு. இப்பச் சொல்லு. அவன்ட்ட யாரு பேச்ச எடுக்க? நானா, நீயா?

— என்ன பேச்சு அண்ணாச்சி? ஜெயசிங் கடல்ல போன அன்னைக்கு உங்க முறை. திரேஸ்புரம் வள்ளக்காரவ இன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் போட்டு, இந்த வாரம் காத்து நெலவரம் சொல்லுத நம்ம கச்சான் ஆப்ப யாரு பாத்ததுன்னு கேக்கப் போறாவ. காசிலிங்கம்னு சொல்லுங்க. முடிஞ்சுது சோலி.

— ஏளா, நீ என்ன அவ்வளுக்கு வக்கீலா?

— உள்ளதச் சொல்லுதேன். காத்துத் தகவல் அனுப்புத மாதிரிய மாத்தப் போறோம்னு வானிலை ஆபீஸ்லேருந்து முன்கூட்டியே மெயில் போட்டிருந்தாவ. நம்ம பொதுப் பெட்டிக்குத்தான் வந்துது. நீங்க அதத் தொறந்திருக்கிய. தொறந்து பாத்துட்டு மூடிட்டிய.

— பாத்தேன். இல்லங்கல. திருச்செந்தூர்ல தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் புள்ளைய மடியில வச்சுக்கிடணும். ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன், மடியில புள்ளையையும் வச்சுக்கிட்டுக் கம்ப்யூட்டரையுமா வைக்க முடியும்?

— காதுகுத்து முடிஞ்சுது. அந்த மெயிலுக்குத் தக்கன மாத்தாததால ஆப் பழைய தகவலயே திருப்பித் திருப்பிக் காட்டிக்கிட்டுக் கெடந்துது. கடல்ல கச்சான் காத்து கெளப்புது, போன்ல போலாம்னு பச்ச. அந்தப் பச்சையப் பாத்துத்தான் ஜெயசிங் வள்ளத்த எறக்கினாரு. கூடப் போன பெர்சி கேனைப் புடிச்சுக்கிட்டு நீந்தி வந்துட்டான். அவரு இன்னும் கெடைக்கல.

— சரி. நான் ஒண்ணு கேக்கேன். நீ பாத்தியா, பாக்கலையா?

— எத?

— பச்ச தப்புன்னு நீ பாத்தியா, பாக்கலையா?

— பாத்தேன்.

— எப்ப?

— முந்துன நாளே. ஆப்பச் சரிபண்ண நாலு வரி புரோகிராம் எழுதியும் வச்சிருந்தேன். நீங்க பட்டன அமுக்கியிருந்தாப் போதும்.

— அத அன்னைக்கே எனக்கு ஏன் அனுப்பல?

— உங்க முறைல்லா.

— ஒரு போன் போட்டிருக்கலாமே தாயி.

— எதுக்கு? மறுபடியும் பேச்சு வாங்கவா? செவப்பு வந்தா, போன ஊமையாக்கி வச்சிருந்தாலும் சங்கு ஊதணும். போன தடவ உங்க முறையில சங்கு ஊதல. நீங்க தூங்கிட்டு இருந்திய. சரி, மனுசங்க கடல்ல கெடக்காவளேன்னு நான் கைய வச்சு சரிபண்ணேன். ஊரு ஒலகம் பூரா பாக்குத நம்ம ஆப் பேஜ்ல நீங்க என்ன எழுதுனிய? ‘என் மடையில கை வைக்கிற வேலை வேண்டாம்’னு எழுதுனிய. சிங்கப்பூர்ல இருக்கவன் வாசிச்சுட்டு எனக்கு ஆறுதல் சொல்லுதான். அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே இவரு வாயத் தொறந்து கேட்டாத்தான் குடுக்கணும்னு. நீங்க கேக்கல.

— மடை, முறைன்னு சட்டம் கொண்டாந்தவளே நீதானளா. எங்க உடன்குடியில ஏது மடை? செம்மண்ணும் பனையுந்தான். ஆத்துத் தண்ணிக்காரி நீ கொண்டாந்த ஒழுங்குதான இது.

— ஆமா, எங்கூர்ல முறைத்தண்ணின்னா அப்படித்தான். வாய்க்கால்ல தண்ணி வந்தா யாரு முறையோ அவரு மட்டுந்தான் மடையத் தொறக்கணும். பக்கத்து வயக்காரன் மம்பட்டியத் தூக்கிட்டுக் கிட்ட வரப்படாது. அவன் பயிரு காஞ்சாலும் வரப்படாது. வந்தா அது களவு. இந்த ஒழுங்க வைக்கதுக்கு முன்னால நம்ம லட்சணம் எப்படி இருந்துது? மூணு பேரும் எல்லாத்தையும் பாப்போம்னு சொன்னோம். ஒருத்தரும் ஒண்ணையும் பாக்கல. ஆளுக்கு ஒரு வாரம், முறைக்காரர் கையிலதான் சாவின்னு வச்ச பெறகுதான் ஆப் ஒழுங்கா ஓடுச்சு.

— ஓடுச்சு, ஓடுச்சு. சும்மா குடுக்கோம், உள்ள இருக்கதெல்லாம் தொறந்து வச்சிருக்கோம், யாரு வேணும்னாலும் வந்து கைகுடுங்கன்னு போர்டு வச்சோம். எவன் வந்தான்? காலேஜ் பயலுவ வந்தானுவ. ஒரு எழுத்துப் பெழையத் திருத்திட்டு சர்டிபிகேட் கேட்டானுவ. மீன் வெல போடு, கலர மாத்து, பாட்டு வையின்னு கேக்கதுக்கு ஊருப்பட்ட ஆளு. வார முறை எடுலேன்னா ஓடியே போயிட்டானுவ.

— அது கெடக்கு. இப்ப என்ன செய்ய?

— சொரிமுத்து முறைன்னு சொல்லிருவோம்.

— என்னது?

— அன்னைக்கு முறை அவனுதுன்னு சொல்லிருவோம். நம்ப முடியாத பொய்யா? நான் திருவிழாவுக்குப் போனாலும் அவன்தான் பாக்கான், நீ பரீட்ச எழுதப் போனாலும் அவன்தான் பாக்கான். இந்த வாரமும் அவன்தான் பாத்தான்னா யாரு இல்லம்பா?

— அவரு ஒத்துக்கிடணும்லா.

— அவனுக்கு இல்லன்னு சொல்ல வராது. வந்திருந்தா இத்தன வருஷத்துல வந்திருக்கும். அதோட அவன் மூஞ்சி இருக்கே, சும்மா நின்னாலே என்னமோ தப்புப் பண்ணிட்டு நிக்கித மாதிரித்தான் இருக்கும். பாத்த ஒடனே ஊரு நம்பிரும்.

— சிரிக்க வைக்காதிய அண்ணாச்சி, சிரிக்கித நேரமா இது. அவரு கடை திரேஸ்புரத்துக்குள்ளல்லா இருக்கு. ரிப்பேருக்கு வாரதெல்லாம் கடல்காரவ போனு. இத ஏத்துக்கிட்டா மறுநாள் கடையத் தொறக்க விடுவாவளா?

— வேற எங்கயாவது தொறக்கட்டும். போன் ரிப்பேருக்கு என்ன, எந்த ஊருலயும் போனு கீழ விழத்தான் செய்யும்.

— நான் இதுல சேர மாட்டேன். முறை உங்களுது. நீங்களும் அவரும் பேசிக்கிடுங்க.

— சேராண்டாம். சாயங்காலம் கூட்டத்துல நான் எந்திரிச்சு, ஆமா என் முறைதான்னு சொல்லிருதேன். பொன்செல்விக்கு முந்துன நாளே தெரியும், நாலு வரி எழுதி ஒளிச்சு வச்சிருந்தாள்னும் சொல்லிருதேன். கல்யாணம் எப்ப? ஆவணியிலயா? மாப்பிள்ள வீடு ஏரல்தான?

— நீங்கள்லாம் மனுசனா அண்ணாச்சி?

— வியாபாரி. ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன், கோவிச்சுக்கிடாத.

— பைக் சத்தம் கேக்கு. அவர்தான்.

— அப்ப யாரு முறை?

— சொரிமுத்தண்ணன் முறை.

— அப்படிச் சொல்லு. வாலே சொரிமுத்து, குனிஞ்சு வா, ஷட்டர்ல மண்டை இடிச்சிராம. அந்தச் சிப்பத்து மேலயே உக்காரு. கருப்பட்டி ஒண்ணும் ஒடைஞ்சிராது.

— ஏன் அண்ணாச்சி பூட்டிக் கெடக்கு?

— பேசணும்ல, அதான். அங்கன என்ன சேதி?

— இன்னும் கெடைக்கல. தருவைகுளத்துப் போட்டும் சேந்து தீவு வரைக்கும் தேடுதாவ. ஜெயசிங் அண்ணன் வீட்டு விக்டோரியாக்கா கரைய விட்டு எந்திரிக்க மாட்டேங்கு. எங்க வீட்டு முருகேஸ்வரி காலையிலேருந்து காப்பியத் தூக்கிட்டுப் போறா, அப்படியே திரும்பக் கொண்டாரா.

— அந்த அக்கா ஏதும் சொல்லுதாவளா அண்ணே? ஆப்பப் பத்தி?

— என்னையப் பாத்து ஒண்ணுதான் கேட்டாவ, செல்வி. பச்சைன்னுதான முத்து இருந்துதுன்னு கேட்டாவ.

— நீ என்னலே சொன்ன?

— ஆமான்னேன் அண்ணாச்சி.

— சரி, நான் சுத்தி வளைக்கல. சாயங்காலம் கூட்டத்துல இந்த வாரம் உன் முறைன்னு சொல்லப் போறோம்.

— என் முறையா?

— ஆமா.

— அது உங்க முறைல்லா.

— போன்ல பேசி மாத்திக்கிட்டோம்னு வச்சுக்கோ. அதுக்குச் சாட்சியும் இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் உன்ட்ட இருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்திருக்கு. மாத்திக்கிட கூப்பிட்ட காலு அதுதான்.

— அது அதுக்கு இல்ல.

— பின்ன எதுக்கு?

— சும்மாத்தான். நீங்க எடுக்கல.

— காதுகுத்து வீட்டுல எவன் போன எடுப்பான்? விடு. இப்பச் சொல்லு, சம்மதந்தான?

— ஆள மூழ்கடிச்சது நான்னு சொல்லச் சொல்லுதிய.

— மூழ்கடிச்சதுன்னு யாரு சொன்னா? கவனிக்காம விட்டது. அவ்வளவுதான். சம்பளம் வாங்கிட்டா பாக்கோம்? ஆசப்பட்டுச் சும்மா செய்யுத வேலை. நாலு திட்டு திட்டுவாவ, பாவம்னு விட்டுருவாவ.

— பாவம்னு விட்டுருவாவன்னா நீங்களே சொல்லலாமே அண்ணாச்சி.

— ஏலே, வாய் நீளுது பாத்துக்கோ. உன்னைய இதுல சேத்தது யாரு? ஐடிஐ முடிச்சுட்டு போன் மூடியக் கழத்திட்டு இருந்தவன் நீ. நான்தான் உன் பேர மூணாவதாப் போட்டேன். நீ அந்தப் பேஜ பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல கடையில மாட்டி வச்சிருக்கியா இல்லையா?

— மாட்டித்தான் வச்சிருக்கேன்.

— போன வாரம் கூட ஒருத்தன்ட்ட காட்டுன. இதுல சொரிமுத்துன்னு இருக்கு பாருங்க அண்ணே, அது நான்தான்னு. எனக்கு வந்து சொன்னாவ. பேரு மட்டும் வேணும், பேரால வாரது வேண்டாமா?

— சரிதான்.

— என்ன சரிதான்? கேக்கதுக்குப் பதில் சொல்லு.

— அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க, நான் பேசுதேன். சொரிமுத்தண்ணே, நீங்க யோசிச்சுப் பாருங்க. ஜெயசிங் போன்ல இந்த ஆப்ப ஏத்திக் குடுத்தது யாரு?

— நான்தான் செல்வி.

— பச்சையா இருந்தா போலாம், செவப்பா இருந்தா போவப்படாதுன்னு சொல்லிக் குடுத்தது?

— அதுவும் நான்தான்.

— அப்ப முறை யாருதா இருந்தா என்ன, மொத உங்க கடைக்குத்தான் வருவாவ. நாங்க ரெண்டு பேரும் யாருன்னே அவ்வளுக்குத் தெரியாது. எப்படியும் உங்கமேல விழப்போறதுதான். அது எங்கமேலயும் சேந்து விழுந்து என்ன ஆவப் போவுது? எனக்கு ஆவணியில கல்யாணம் அண்ணே.

— மாப்பிள்ள நல்ல பையனா?

— நல்ல பையன்தான். ஏன் கேக்கிய?

— சும்மாத்தான்.

— ஏலே, இன்னொண்ணும் சொல்லுதேன் கேளு. செல்வி மாதிரி, என்னைய மாதிரி ஆளு போயிட்டா ஆப் நின்னுரும். நீ போனா ஒண்ணும் நிக்காது. இத மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணு.

— நான் உங்க ரெண்டு பேரு முறையையும் எத்தன வாரம் பாத்திருக்கேன் அண்ணாச்சி.

— அதத்தாம்லே நானும் சொல்லுதேன். அதோட இன்னொரு வாரம். உன்ட்ட எனக்குப் புடிச்சதே அதுதான். சொன்னா பாப்ப. சொல்லாட்டாத் தொட மாட்ட. இவள மாதிரி கேக்காம வந்து மடையில கை வைக்க மாட்ட.

— ஆமா. கேக்காமத் தொட்டா பேர எடுத்துருவேன்னு சொன்னியள்லா.

— சொன்னேன். நீ அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. நல்ல பய.

— முருகேஸ்வரி அங்கன அக்கா பக்கத்துலயே உக்காந்திருக்கா. கூட்டத்துல புருசன் பேரச் சொன்னா அவ எங்க போய் நிப்பா?

— அவ ஊரு சாயர்புரந்தான? நைட்டோட நைட்டா சாமானத் தூக்கிட்டுப் போயிருங்க. கொஞ்ச நாள் கழிச்சு அங்கனயே ஒரு கடை போடு. திரேஸ்புரத்துல மீன் நாத்தம் வேற.

— அவளுக்கு அந்த எடம் புடிச்சிருக்கு அண்ணாச்சி.

— உசுரா போவுது? எடந்தான போவுது.

— சரி.

— என்ன சரி?

— என் முறைன்னே வச்சுக்கிடுங்க.

— நெசமாத்தான் சொல்லுதியளா அண்ணே?

— நெசந்தான் செல்வி. ஆனா வாய்வார்த்தையா வேண்டாம். பேஜ்ல மாத்திருங்க. கூட்டத்துல எவனாவது போன எடுத்து, யாரு முறைன்னு பாப்பான். அங்க காசிலிங்கம்னு இருந்தா நம்ம மூணு பேரும் அங்கனயே மாட்டிக்கிடுவோம்.

— பாத்தியா செல்வி, நம்மள விட இவன் வெவரம். மாத்து மாத்து.

— அண்ணாச்சி, முறைய மாத்துனா சாவியும் அவரு கைக்குப் போயிரும். நீங்க பேஜ்ல அப்படி எழுதுன பெறகு நான் வச்ச பூட்டு, வாரம் முடியுத வரைக்கும் அவரத் தவிர வேற யாரும் ஒண்ணும் தொட முடியாது.

— போட்டும். சாவிய வச்சு இவன் என்ன பண்ணப் போறான்? ரிப்பேரெல்லாம்தான் சரிபண்ணியாச்சே. ஜெயசிங் சேதி வந்த ஒடனே நீ அனுப்புன நாலு வரிய அமுக்கிட்டேன்லா.

— மாத்திட்டேன். உங்க போன்ல சம்மதம் கேக்கும் அண்ணாச்சி, குடுங்க.

— குடுத்தாச்சு.

— சொரிமுத்தண்ணே, நீங்களும் ஏத்துக்கிடணும்.

— ஏத்துக்கிட்டேன்.

— இப்பத்தாம்லே எனக்கு மூச்சு வருது. சுக்குக் காப்பி சொல்லவா? நம்ம கருப்பட்டி போட்டுத் தரச் சொல்லுதேன். நீ மூஞ்சியத் தொங்கப் போடாத. ரெண்டு மூணு மாசத்துல ஊரே மறந்துரும். கடலுக்குப் போறவன் வீட்டுல சாவு என்ன புதுசா?

— அண்ணாச்சி, அப்படிப் பேசாதிய.

— நான் தப்பாவா சொன்னேன் செல்வி? இவன் என்ன, குனிஞ்சு போன நோண்டிக்கிட்டு இருக்கான்? ஏலே, யாருக்கு எழுதுத?

— ஊருக்கு ஒரு தகவல் எழுதுதேன் அண்ணாச்சி. முறைக்காரன் எழுதணும்லா. காலையிலயே யோசிச்சு வச்சுட்டேன்.

— எழுது, நல்லதுதான். உருக்கமா எழுது. ஆழ்ந்த இரங்கல்னு ஆரம்பி. கூட்டத்துக்கு முன்னால போனாப் பாதி கோவம் அடங்கிரும்.

— சங்கோட அனுப்பவா, சத்தமில்லாம அனுப்பவா?

— சங்கோட அனுப்பு. சாவுச் சேதிதான.

— அனுப்பிட்டேன்.

— என் போன் ஊதுது. உன் போனும் ஊதுது பாரு செல்வி. தெருவுல ஆட்டோக்காரன் போன்லயும் ஊதுது. இவ்வளவு பேரா இத வச்சிருக்கான்? என் கண்ணாடி கல்லாமேல எங்கயோ கெடக்கு, நீயே வாசி.

— ‘திரேஸ்புரம், தருவைகுளம் கடல்காரர்கள் எல்லாருக்கும். ஜெயசிங் அண்ணன் கடலுக்குப் போன அன்று போனில் தெரிந்த பச்சை பொய். அது காசிலிங்கத்தின் முறை. தகவல் மாறப்போகிறது என்று வந்த மெயிலை அவர் முன்பே படித்திருந்தார். படித்துவிட்டு விட்டுவிட்டார்.’ அண்ணாச்சி.

— வாசி. நிறுத்தாத.

— ‘பொன்செல்விக்கு முந்தின நாளே தெரியும். சரிசெய்ய வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தார்.’ அண்ணே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பெறகு நீ அனுப்புனல்லா செல்வி, அந்த வரி. எழுதுன நாளும் அதுலயே இருந்துது.

— அத எடுலே. இப்ப எடு. இந்த நிமிசமே எடு. செல்வி, நீ எடு தாயி, உனக்குத்தான் எல்லாந் தெரியுமே.

— எடுக்க முடியாது அண்ணாச்சி. முறை அவருது. அடுத்தவ கை படப்படாதுன்னு நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்.

— எங்க ரெண்டு பேரையும் கடல்ல தள்ளிட்டு நீ மட்டும் நல்லவனாக் கரையேறிருவியாலே? என் முறையில நான் பாக்கல, அவ குடுக்கல, நீ மட்டும் ஒண்ணும் அறியாத புள்ளையா?

— செல்வி, கீழ இன்னும் இருக்கு. நீ முழுசா வாசிக்கல.

— என்னால முடியல அண்ணே. கண்ணு தெரியல எனக்கு.

— அப்ப நானே வாசிக்கேன். அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்கிடுங்க. ‘அன்று சாயங்காலம் ஜெயசிங் அண்ணன் என் கடைக்கு வந்தார். கச்சான் கிளம்புகிற மாதிரி இருக்கிறதே முத்து, இந்தப் பச்சை நிஜந்தானா என்று கேட்டார். அது பொய் என்று எனக்குத் தெரியும். முறைக்காரர் விடிவதற்குள் சரிசெய்துவிடுவார் என்று நம்பி, நம்ம ஆப் தப்பு என்று சொல்ல வெட்கப்பட்டு, நிஜந்தான், போங்க அண்ணே என்று சொல்லி அனுப்பியவன் நான். கடை திறந்துதான் இருக்கும். இப்படிக்கு, சொரிமுத்து.’